யாரைச் சார்ந்தவர்?

என் தங்கை இங்கிலாந்தில் செவிலியர். 2022இல் மூன்றாண்டு விசாவில் போனாள். 2025இல் அந்த விசாவை நீட்டிக்க வேண்டிய நேரம் வந்தது. இடையில் அவளுக்குக் கல்யாணமாகியிருந்தது. கணவர் கீழவாஞ்சூரிலேயே இருந்தார். ஆக ஒரே சமயத்தில் இரண்டு வேலை: அவளுடைய விசாவை நீட்டிப்பது, அவரை அவளைச் ‘சார்ந்தவராக’ச் சேர்ப்பது. அங்கே அவள் செய்ய வேண்டியதை அவள் செய்தாள். இங்கே தாள் சேர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் கல்லூரியில் வரலாறு நடத்துபவள். பழைய தாளைப் படிக்கத் தெரிந்தவளுக்குப் புதிய தாள் புரியாதா என்பது வீட்டாரின் கணக்கு.

சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பி வைத்துப் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: “மாப்பிள்ளைய எதுக்கு சார்ந்தவர்னு எழுதுற? நம்ம பொண்ணுதானே அவரைச் சார்ந்தது?”

எதிரே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை சிரித்துவிட்டார். “இதுவரைக்கும் எந்த ஃபாரத்துலயும் நான் இந்தப் பக்கம் இருந்ததில்லக்கா” என்றார். சிரித்தாரே ஒழிய, சங்கடம் முகத்தில் தெரிந்தது. ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் பெயர் இருந்து பழகியவர்.

அம்மாவின் கேள்வி பல நாள் என்னைவிட்டுப் போகவில்லை. வேலைக்காக ஒருவர் கடல் கடந்தால், அவருடைய காலம் யாருடையது? அவரோடு வாழ்கிறவர் யார் என்று முடிவு செய்வது யார்? இந்த இரண்டு கேள்விகளும் விசா என்ற சொல் நம் ஊருக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கரைக்கு வந்துவிட்டவை. ஒவ்வொரு முறையும் இரண்டும் சேர்ந்தே வந்தன. ஒவ்வொரு முறையும் அவற்றின் விலையைக் கொடுத்தவர்களில் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

கீழவாஞ்சூர் காரைக்காலின் தெற்கு ஓரம். திருமலைராயன்பட்டினம் கொம்யூனில் சேர்ந்தது. தெற்கே கொஞ்சம் நடந்தால் தமிழ்நாடு. நாகூர் தர்காவின் மினார்கள் தெரியும். வாஞ்சூர் செக்போஸ்ட் என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. புதுச்சேரி விலையில் சாராயம் வாங்க வருபவர்களால் அதற்கு அந்தப் பெயர். 2009இல் இங்கே துறைமுகம் வந்தது. நிலக்கரி லாரிகளும் கரித்தூளும் வந்தன.

எல்லை என்றால் எங்களுக்குப் பெரிய சங்கதி இல்லை. காலையில் மீன்கூடையோடு எல்லை தாண்டிப் போய் மத்தியானம் திரும்புகிற பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் என் அம்மாவின் அம்மா காலத்தில் இது இரண்டு சாம்ராஜ்ஜியங்களுக்கு நடுவே ஓடிய கோடு. 1739இல் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலுக்கு வந்தார்கள். இடையிடையே ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த ஆண்டுகளைத் தவிர, 1954 வரை இருந்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் சட்டம், இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் சட்டம். பஞ்சமும் பசியும் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காரைக்கால் ஆள் ஏற்றும் துறைமுகமாக இருந்தது. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853இல் மார்த்தினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் தமிழர்களை ஏற்றிய முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. அதிலிருந்து சுமார் முப்பத்தைந்து ஆண்டுகளில் குவாதலூப்புக்கு மட்டும் ஏறக்குறைய 42,000 இந்தியர்கள் போனார்கள். மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர். ரெயூனியோனுக்குப் போனவர்கள் அதைவிட அதிகம். இவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சுக் குடிமக்கள் இல்லை. கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, தஞ்சாவூர் ஜில்லா போன்ற பிரிட்டிஷ் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அதனால்தான் பிரிட்டனும் பிரான்சும் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. 1861 ஜூலை 1இல் இரண்டு அரசுகளும் ஒரு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன.

அந்த உடன்படிக்கையை மாணவிகளோடு வாசிக்கும்போதெல்லாம், “மேடம், இது விசா விதி மாதிரியே இருக்கே” என்று யாராவது ஒருத்தி சொல்லிவிடுவாள். உண்மைதான். வேலை ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. ஐந்து ஆண்டு முடிந்தால் அரசுச் செலவில் ஊர் திரும்பலாம். அல்லது சம்மதித்தால் மறுபடி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். திரும்பும் உரிமை தொழிலாளியின் மனைவிக்கும், பத்து வயதுக்குள் இந்தியாவிலிருந்து கூட்டிப் போன பிள்ளைகளுக்கும், அங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் உண்டு. ஆட்களைத் தோட்டங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது கணவனையும் மனைவியையும் பிரிக்கக்கூடாது. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரிக்கக்கூடாது.

எழுத்தில் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே உடன்படிக்கையில் இன்னொரு விதி உண்டு. கப்பலில் ஏறும் ஆண்களின் எண்ணிக்கையில் குறைந்தது கால்பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். தோட்டத்தில் ஆண்கள் கலகம் செய்யாமல், ஓடிப்போகாமல் தங்குவதற்குப் பெண் வேண்டும் என்று முதலாளிகளும் அரசுகளும் கணக்குப் போட்டிருந்தார்கள். நான்கு ஆணுக்கு ஒரு பெண் சேர்ந்தால்தான் கப்பல் கிளம்பும். எனவே ஆள்பிடிப்பவர்கள் விதவைகளையும், புருஷன் விட்டுப்போனவர்களையும், பஞ்சத்தில் ஊரைவிட்டுக் கிளம்பி வழிதவறியவர்களையும் தேடினார்கள். அந்தப் பெண்களும் கரும்பு வெட்டத்தான் போனார்கள், அவர்களும் தொழிலாளிகள்தான். ஆனால் உடன்படிக்கை அவர்களைப் பெரும்பாலும் இரண்டு விதமாகவே நினைத்துப் பார்க்கிறது: ஆணின் மனைவியாக, அல்லது கால்பங்கு எண்ணிக்கையாக.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் காரைக்காலம்மையார் நினைவு வரும். கடல் வாணிகத்துக்குப் போன பரமதத்தன் திரும்பி வரவில்லை. பாண்டிநாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டு பிள்ளையும் பெற்றான். சுற்றத்தார் புனிதவதியைப் பல்லக்கில் ஏற்றி, அவன் இருக்கும் ஊருக்கே கொண்டுபோய் விட்டார்கள். கணவன் இருக்கும் இடத்தில்தான் மனைவி இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அவன் புதுமனைவியோடும் குழந்தையோடும் அவள் காலில் விழுந்தான். அவள் அவனுக்காகத் தாங்கிய உடம்பே வேண்டாம் என்று உதறினாள். ஆண்டுதோறும் ஆனிப் பௌர்ணமியில் மாங்கனி இறைத்து நாங்கள் கொண்டாடுவது அவளைத்தான்.

*

காரைக்காலிலிருந்து வடக்கே தரங்கம்பாடிப் பக்கம் போனால் தில்லையாடி. அங்கே ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் போய் நாங்கள் படம் எடுத்துக்கொண்ட இடம். வள்ளியம்மை காந்தியோடு போராடிச் சிறைபோய்ச் செத்தாள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எதற்காகப் போராடினாள் என்று சொல்லவில்லை. அதைப் பின்னாளில் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்த அன்று அதிர்ந்துபோனேன். அவள் சிறைக்குப் போனது, என் சாப்பாட்டு மேசையில் கிடந்த அதே இரண்டு விஷயங்களுக்காக: வேலைக்காலத்தை நீட்டிப்பது, துணையைச் சேர்ப்பது.

முதல் விஷயம் மூன்று பவுண்டு வரி. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் போனார்கள். ஒப்பந்தம் முடிந்தபின் பலர் அங்கேயே தங்கிக் காய்கறி போட்டார்கள், கடை வைத்தார்கள். வெள்ளையருக்கு அது பொறுக்கவில்லை. 1895இல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்குத் திரும்பு. இல்லையென்றால் மறுபடி ஒப்பந்தம் போடு. இரண்டும் மாட்டேன் என்றால் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்டு. உழைப்பு வேண்டும், உழைத்தவர் வேண்டாம் என்பதைச் சட்டமொழியில் எழுதினால் இப்படித்தான் இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளியின் மாதக் கூலியே பத்துச் சில்லிங்கிலிருந்து தொடங்கியது. மூன்று பவுண்டு என்பது அப்படி ஆறு மாதக் கூலி. இந்த வரி பெண்களுக்கும் உண்டு. 1903இல் இதைப் பிள்ளைகள் மீதும் விரித்தார்கள்: ஆண்பிள்ளைக்குப் பதினாறு வயது முதல், பெண்பிள்ளைக்குப் பதின்மூன்று வயது முதல். கூலியில் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவு. வரியில் மட்டும் அவளுக்கு மூன்றாண்டு முன்னதாகவே வயது வந்துவிடும்.

இரண்டாவது விஷயம் கல்யாணம். ஹசன் ஈசாப் என்பவர் தென்னாப்பிரிக்காவில் குடியிருந்தவர். இந்தியாவில் பாய் மரியம் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்து, தன்னோடு கூட்டிப்போனார். துறைமுகத்தில் அவளை இறங்க விடவில்லை. வழக்கு கேப் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1913 மார்ச் 14இல் நீதிபதி சேர்ல் தீர்ப்புச் சொன்னார்: பலதாரத்தை அனுமதிக்கும் மத முறைப்படி நடந்த திருமணம் இந்நாட்டுச் சட்டத்துக்குத் திருமணம் இல்லை, எனவே குடியேற்றச் சட்டத்தின்படி அவள் மனைவி இல்லை. இந்த ஒரு தீர்ப்பில், இந்து முறைப்படியும் இஸ்லாமிய முறைப்படியும் கல்யாணமான பெண்களெல்லாம் சட்டத்தின் கண்ணில் மனைவி என்ற இடத்தை இழந்தார்கள். இருபது முப்பது வருடம் குடும்பம் நடத்தியவர்களும் அதில் அடக்கம்.

அதுவரை போராட்டத்தில் பெண்களை நேரடியாக இறக்கத் தயங்கிய தலைவர்கள் இனி தயங்க முடியாது என்ற நிலை வந்தது. பெரும்பாலும் தமிழ்ப் பெண்களைக் கொண்ட பதினொரு பேர் குழு ஒன்று, கைக்குழந்தைகளோடு, அனுமதிச் சீட்டு இல்லாமல் டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை தாண்டி நேட்டாலுக்குள் போனது. 1913 அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களிடம் மூன்று பவுண்டு வரியைப் பற்றிப் பேசினார்கள். சுரங்கங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அது பரவிக் கரும்புத் தோட்டங்கள் வரை போனது. அந்தப் பெண்களுக்குக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது.

தில்லையாடிக் குடும்பத்துப் பெண்ணான வள்ளியம்மை பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். அவளும் தாயோடு எல்லை தாண்டிச் சிறைக்குப் போனாள். மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சல் கண்டது. உடல் தேறாமலேயே வெளியே வந்தாள். 1914 பிப்ரவரி 22இல் இறந்தாள். அவள் பிறந்ததும் அதே தேதியில்தான். வயது பதினாறு. கல்யாணம் ஆகாதவள், அவளுக்குக் காப்பாற்றிக்கொள்ள ‘மனைவி’ என்ற பெயர் இல்லை. அம்மாமாருக்காகவும் தோட்டத்துப் பெண்களுக்காகவும் போனவள்.

அவள் இறந்த சில மாதங்களில், 1914இல், இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. மூன்று பவுண்டு வரி ஒழிந்தது. மதமுறைத் திருமணம் ஏற்கப்பட்டது. ஆனால் ஒரு ஆணுக்கு ஒரு மனைவி என்ற கணக்கில். எந்த மனைவி உள்ளே, எந்த மனைவி வெளியே என்று சொல்லும் அதிகாரத்தை அரசு தன் கையிலேயே வைத்துக்கொண்டது. அந்த அதிகாரம் இன்றுவரை எந்த அரசின் கையிலிருந்தும் இறங்கவில்லை.

*

இனி எங்கள் தெருவுக்கே வருகிறேன்.

என் தாத்தாவின் தம்பி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் பக்கம் ‘சொல்தா’ என்பார்கள். அவர் மனைவியை நாங்கள் சின்னப்பாட்டி என்று கூப்பிடுவோம். பிள்ளை இல்லை. 1954 நவம்பர் 1இல் காரைக்கால் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28இல் இந்தியாவும் பிரான்சும் ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16இல். இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சு நாட்டவர்கள் அன்று முதல் இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சின்னத்தாத்தா எழுதிக் கொடுத்தார். சின்னப்பாட்டி எழுதிக் கொடுக்கவில்லை. புருஷன் போட்ட கையெழுத்து தனக்கும் சேர்த்துத்தான் என்று அவர் நினைத்தார். எழுதிக் கொடுத்தவரும் அப்படியே நினைத்திருக்கலாம். ரேஷன் முதல் கோயில் வரி வரை எல்லாத் தாளிலும் அதுதானே வழக்கம்.

ஆனால் ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு வேறு மாதிரி சொல்கிறது: கணவனின் தேர்வு மனைவியின் குடியுரிமையைப் பாதிக்காது. ஒரே ஒரு வரி. முதல் தடவை படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. 1861இல் கால்பங்கு எண்ணிக்கையாக எழுதப்பட்ட பெண், 1913இல் மனைவியே இல்லை என்று துறைமுகத்தில் தடுக்கப்பட்ட பெண், இங்கே தனக்கென்று ஒரு தேர்வு உள்ள ஆளாக வருகிறாள். பிரான்சில் ஒரு பெண் வெளிநாட்டானை மணந்தாலும் தன் குடியுரிமையைத் தக்கவைக்கலாம் என்ற சட்டம் 1927இல்தான் வந்தது. பிரிட்டனில் அது வர 1949 ஆனது. அதற்கெல்லாம் பிறகு வந்த வரி இது.

அதே பிரிவில் மற்றதும் இருக்கிறது. கல்யாணமாகாத, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காகத் தகப்பன் முடிவு செய்வான். அவன் இறந்திருந்தால்தான் தாய். பதினாறு தாண்டிக் கல்யாணமான ஆண்பிள்ளை தானே முடிவு செய்யலாம். அதே வயதில் கல்யாணமான பெண்பிள்ளையைப் பற்றி அந்த வாக்கியத்தில் பேச்சில்லை. மனைவிக்குத் திறந்த கதவைத் தாய்க்கும் மகளுக்கும் திறக்கவில்லை.

மனைவிக்குத் திறந்த கதவைப் பற்றி யாராவது மனைவியிடம் சொன்னார்களா? சின்னப்பாட்டிக்கு அப்போது இருபத்து நான்கு வயது. எழுதப் படிக்கத் தெரியும். யாரும் வந்து, “உனக்குத் தனியாக ஒரு தேர்வு இருக்கிறது, என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்கவில்லை. 1963 பிப்ரவரியில் கெடு முடிந்தது. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், இரண்டு நாட்டவர். பல ஆண்டு கழித்துத் தாத்தா பிரான்சுக்குப் போய்ச் சொந்தக்காரர்களோடு கொஞ்ச காலம் இருந்துவிட்டு வரக் கிளம்பினார். அவருக்கு டிக்கெட் போதும். பாட்டிக்கு விசா வேண்டும் என்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தாத்தா தனியாகப் போனார். அங்கேயே இறந்தார். பாட்டி முகம் பார்க்கவில்லை.

“நான் இந்தியாவத்தான் கேட்டிருப்பேன்டி” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். “ஆனா என்னைக் கேக்கலையே.”

உரிமை எழுத்தில் இருப்பதும், அது உரியவளின் காதுக்கு வந்து சேர்வதும் வேறு வேறு. அந்த ஒரு வரியைப் புகழ்ந்து எழுத உட்காரும்போதெல்லாம் பாட்டியின் அந்தக் குரல் என்னை நிறுத்தும்.

*

அப்படியானால், பெண்ணே முதன்மையானவளாக இருந்து, கணவன் சார்ந்து வருவது எப்போது தொடங்கியது? பிரிட்டனில் அதற்கு ஒரு வழக்கு இருக்கிறது.

1970களின் கடைசியில் பிரிட்டனின் குடியேற்ற அதிகாரிகள் தெற்காசியப் பெண்களை எப்படி நடத்தினார்கள் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1979 ஜனவரியில், மணமகனைத் திருமணம் செய்ய ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய முப்பத்தைந்து வயது இந்தியப் பெண் ஒருவர் கன்னிதானா என்று ஓர் ஆண் மருத்துவரை வைத்துப் பரிசோதித்தார்கள். மணமகளாக வந்தால் விசா தேவையில்லை, மனைவியாக வந்தால் வேறு விதி; அவர் சொல்வது உண்மையா என்று பார்க்க அவர் உடம்பையே தாளாகப் புரட்டினார்கள். ‘கார்டியன்’ நாளேடு அதை வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியது. அந்தப் பரிசோதனை நின்றது.

அதன் அடுத்த ஆண்டு, 1980இல், புதிய குடியேற்ற விதிகள் வந்தன. பிரிட்டனில் குடியமர்ந்த ஆண் தன் மனைவியை அழைத்துக்கொள்வது எளிது. குடியமர்ந்த பெண் தன் கணவனை அழைப்பது கடினம். அரசு சொன்ன காரணம், வரும் கணவன் வேலை தேடுவான், உள்ளூரானின் வேலை போகும். வரும் மனைவி வீட்டில் இருப்பாள் என்பது. அப்துல்அசீஸ், கபாலெஸ், பல்கந்தலி என்ற மூன்று பெண்கள் ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். இவர்களில் ஆர்ஸெலி கபாலெஸ் பிலிப்பைன்ஸிலிருந்து 1967இல் மருத்துவமனை வேலைக்கான அனுமதியில் வந்தவர்; பிறகு செவிலியர் ஆனவர். என் தங்கையைப் போல ஆசியாவிலிருந்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் போய், தன் கணவனைத் தன்னிடம் அழைத்தவர்.

1985 மே 28இல் தீர்ப்பு வந்தது. காரைக்காலை ஒப்படைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாகி அன்றோடு சரியாக இருபத்தொன்பது ஆண்டு. ஆணுக்கு ஒரு விதி, பெண்ணுக்கு ஒரு விதி என்பது பாலினப் பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னது. பெண்கள் ஜெயித்தார்கள். பிரிட்டன் அரசு என்ன செய்தது? கணவர்களுக்கு இருந்த கடுமையான சோதனைகளைக் குறைக்கவில்லை. அவற்றை மனைவிகளுக்கும் சேர்த்து வைத்தது. அதில் முக்கியமானது, கல்யாணத்தின் முதன்மை நோக்கம் பிரிட்டனுக்குள் வருவது இல்லை என்று தம்பதியரே நிரூபிக்க வேண்டும் என்ற விதி. அது 1997இல்தான் ஒழிந்தது. சமத்துவம் கேட்டால் எல்லோருக்கும் சமமாகக் கதவைச் சாத்தும் வித்தையும் அரசுகளுக்குத் தெரியும் என்பதை மாணவிகளுக்கு நடத்தும்போது நான் இந்த வழக்கைத்தான் சொல்வேன்.

*

மறுபடி சாப்பாட்டு மேசை.

தங்கையின் மருத்துவமனை அவளுக்குப் புதிய ஸ்பான்சர் சான்று கொடுத்தது. பழைய விசா முடிவதற்கு முன்பே அவள் நீட்டிப்புக்கு விண்ணப்பித்தாள். கணவரின் விண்ணப்பம் தனி. மனைவியின் விண்ணப்பத்தில் பெயரைச் சேர்த்தால் போதாது, அவருக்கென்று ஒரு விண்ணப்பம், ஒரு கட்டணம். அவள் அனுமதி எந்தத் தேதியில் முடிகிறதோ அதே தேதியில் அவருடையதும் முடியும். சென்னையில் காசநோய்ப் பரிசோதனை, கைரேகை. முதல் மாதத்துக்கு அவர் கையில் 285 பவுண்டு இருப்பதை 28 நாள் தொடர்ந்த வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும், அல்லது முதலாளி பொறுப்பேற்க வேண்டும். ஒரு முகவர், “டூரிஸ்ட் விசால போயிடுங்க, அங்க போய் மாத்திக்கலாம்” என்று சொல்லிப் பணம் கேட்டார். பார்வையாளராகப் போனவர் உள்ளிருந்தபடி அப்படி மாற முடியாது என்று விதியிலேயே இருக்கிறது. படித்துப் பார்த்ததால் பணம் தப்பியது.

கல்யாணச் சான்றிதழில்தான் சிக்கல். கொம்யூன் பஞ்சாயத்துத் தாளில் மாப்பிள்ளையின் பெயருக்கு முன் ஓர் எழுத்து. பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து முழுப்பெயராக விரிந்து பின்னால் நிற்கிறது. தங்கையின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர். சான்றிதழில் கணவர் பெயர். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்பதற்கு உறுதிமொழித் தாள். மொழிபெயர்ப்பு, சான்றொப்பம். பாய் மரியத்தைத் துறைமுகத்தில் தடுத்த கேள்வி, நூற்றுப் பன்னிரண்டு ஆண்டு கழித்து மரியாதையான மொழியில் எங்கள் மேசைக்கு வந்திருந்தது: இது கல்யாணம்தான் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

இவர்களாவது கேள்விக்குப் பதில் சொல்லி உள்ளே போகலாம். 2024 மார்ச் 11 முதல், பராமரிப்புப் பணியாளராகப் புதிதாகப் பிரிட்டனுக்குப் போகிறவர்கள் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ சார்ந்தவராகக் கூட்டிப்போக முடியாது என்று விதி வந்தது. முதியோரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, தூக்கி உட்கார வைக்கும் வேலை அது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிய ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். பிறர் வீட்டுப் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் கை வேண்டும்; அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளை வேண்டாம். செவிலியருக்கு இந்தத் தடை இல்லை. 1861இல் குடும்பம் இருந்தால்தான் தொழிலாளி தங்குவான் என்று பெண்களைத் தேடினார்கள். 2024இல் குடும்பம் இருந்தால் தொழிலாளி தங்கிவிடுவார் என்று தடுக்கிறார்கள். இரண்டு கணக்கிலும் உழைப்பவரின் விருப்பத்துக்கு இடம் இல்லை.

தங்கையின் விண்ணப்பம் முடிவாகக் காத்திருந்த வாரங்களில் சின்னப்பாட்டி இறந்துபோனார். எண்பத்தேழு வயது. தங்கையை வளர்த்ததே அவர்தான். நீட்டிப்பு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது பிரிட்டனைவிட்டு வெளியேறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆகிவிடும். தங்கை வரவில்லை. மருத்துவமனையின் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் பார்த்தாள். தாத்தாவின் முகத்தைப் பார்க்க முடியாத பாட்டியின் முகத்தை, பேத்தி கைபேசியில் பார்த்தாள். அவளுடைய காலம் யாருடையது என்ற கேள்வி எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

பிறகு நீட்டிப்பு வந்தது. அட்டை இல்லை, முத்திரை இல்லை. எல்லாம் இப்போது இணையக் கணக்கில். மாப்பிள்ளைக்கும் அனுமதி கிடைத்தது. சார்ந்தவராகப் போனாலும் அங்கே அவர் வேலை செய்யலாம். எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. அமெரிக்காவில் ஹெச்-1பி விசாக்காரர்களின் துணைவர்களுக்கு, அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் பெண்கள், 2015 மே மாதம் வரை வேலை செய்யும் உரிமை கிடையாது. அதன் பிறகும் ஒரு பகுதியினருக்கு மட்டும்தான் உண்டு. பொறியியல் படித்துவிட்டு அங்கே சமையலறை ஜன்னலருகே வருடக்கணக்காக உட்கார்ந்திருந்த மாணவிகளின் கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன.

சார்ந்தவராகப் போகிற பெண்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். உங்கள் பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கட்டும். உங்கள் விசாக் கணக்கின் கடவுச்சொல் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். கல்யாணச் சான்றிதழின் ஒரு பிரதி அம்மா வீட்டில் இருக்கட்டும். அடித்தால் வெளியேற வழி உண்டா என்று போவதற்கு முன்பே படித்து வையுங்கள். பிரிட்டனில் 2024 பிப்ரவரி முதல், வேலை விசாக்காரரைச் சார்ந்து வந்து வன்முறைக்கு ஆளானவர்கள், சார்பு விசாவைவிட்டு விலகி மூன்று மாத அனுமதியும் அரசு உதவியும் கேட்க வழி இருக்கிறது. அது போதாது. ஆனாலும் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சின்னப்பாட்டிக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்கிறேன்.

மாப்பிள்ளை கிளம்பும் அன்று தெருவில் எல்லோரும் வந்திருந்தார்கள். எதிர்வீட்டு அத்தை அம்மாவிடம் கேட்டார்: “மாப்பிள்ளைக்கு அங்க என்ன வேலை கிடைச்சிருக்கு?”

அம்மா பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டே சொன்னார்: “வேலை பொண்ணுக்கு. அவ கூப்பிட்டா, இவரு போறாரு.”